மண் வண்டிக்கு வைத்த தேசிக்காய்

லைப்சிக்கில் ஓர் அருங்காட்சியகத்தில் தரை துடைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வாசிக்கவும் தேவையில்லை, யாரோடும் பேசவும் தேவையில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பொருத்தம். என்னோடு துடைக்கிற யாழ்ப்பாணத்து அக்கா எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

போன வருடம் பழைய சீனக் கல்லறை ஒன்றிலிருந்து எடுத்த மண் குதிரையும் மண் வண்டியும் வந்தன. செத்தவர் மறு உலகத்தில் நடந்து களைக்கக் கூடாதென்று கூடவே புதைத்தார்களாம். குதிரை ஒரு முழ உயரம். வாயைத் திறந்து, யாரையோ ஏசுவது போல நின்றது.

"என்ன தம்பி, புது வாகனம் வந்திருக்கு. தேசிக்காய் வைக்கேல்லையோ?" என்றார் அக்கா.

எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் கோவிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, அந்த எலுமிச்சையை நசித்த பிறகுதான் ஓடுவார்கள். அக்கா பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் காலை, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, இரண்டு சில்லுகளுக்கும் நேராகத் தரையில் ஒவ்வொன்று வைத்தேன். கும்பிட்டுவிட்டு எடுக்கத்தான் நினைத்தேன். அதற்குள் காவலரின் காலடி கேட்டது. கூச்சத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

பழம் வந்தால் பூச்சி வரும் என்று அங்கே கடும் சட்டம். பொறுப்பாளரான ஜேர்மன் பெண்மணி நேரே அக்காவிடம் வந்தார். அங்கே தேநீருக்குத் தேசிக்காய் பிழிகிறவர் அக்கா ஒருவர்தான். அவரை வேலையால் நிறுத்தப் போவதாகப் பொறுப்பாளர் சொன்னார்.

"நான் வைக்கவில்லை" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"நான்தான் வைத்தேன்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில். "புது வண்டி. விபத்து வரக்கூடாது."

பொறுப்பாளர் கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

"வண்டிக்காரர் ஏற்கெனவே இறந்துவிட்டாரே" என்றார். சிரிக்கவில்லை.

அக்கா தப்பினார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. குதிரை நின்ற அறையிலிருந்து என்னைப் படிக்கட்டுக்கு மாற்றியும் விட்டார்கள்.

மாலையில் அக்கா படியிறங்கி வந்தபோது தலை குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பதினொரு வருசமாய்க் கூட வேலை செய்யிறன் தம்பி. உமக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டன்."

நான் அடுத்த படியைத் துடைத்தேன். ஈரப் படிகளை மிதிக்காமல், கைப்பிடியைப் பிடித்தபடி அவர் ஓரமாக இறங்கிப் போனார்.