இடப்பக்கம் சாய்ந்த ஷேர் ஆட்டோ

திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். சில மாதங்களாக வண்டி இடப்பக்கம் சாய்ந்தபடியே ஓடியது. ஓமந்தூர் போகும் பருமனான பெண் ஒருவர் தினமும் அந்தப் பக்கம்தான் உட்காருவார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"யம்மா, உன் வெயிட்டுக்கு வண்டியே குடை சாஞ்சிடும். நடுவுல குந்து!"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் இறங்கினார். மற்றவர்களையும் இறங்கச் சொன்னார்.

"இப்ப பாருண்ணா, எவ குந்திக்கினு கீறா?"

நானும் இறங்கிப் பார்த்தேன். காலி வண்டி அப்படியே சாய்ந்து நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடக்கணக்கில் ஓடி, இடப்பக்க ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை.

மறுநாளே ஸ்பிரிங்கை மாற்றினேன். ஆனால் அவர் இப்போதெல்லாம் என் வண்டிக்குக் கை காட்டுவதில்லை. நிறுத்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை. என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது.