அடைக்கக் கூடாத ஓட்டைகள்

கார் திருத்துகிறவன் எண்ணெய்க்கு அஞ்சமாட்டான், நெருப்புக்கும் அவ்வளவாக அஞ்சமாட்டான். அவன் அஞ்சுவதெல்லாம் இருக்கைக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீருக்குத்தான். காருக்குள் காலை வைத்ததும் 'சளக்' என்று கேட்டு, ஊறிய சாக்கின் நாற்றம் மூக்கில் ஏறிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால் நீங்கள் என் உறவினர். இல்லாதவர்கள் அடுத்த மாரி வரும்வரை காத்திருங்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய சில ஆண்டுகள் நான் மட்டக்களப்பில் ஆற்றங்கரைக் கராஜ் ஒன்றில் வேலை செய்தேன். கடலோடு கலந்து உப்புக் கரிக்கும் அந்த வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எஞ்சினுக்கு வேறு ஆள். கதவு, கண்ணாடி, கூரை, அடித்தட்டு ஆகியவை என் பங்கு. அந்தக் காலத்துக் கார்களுக்கு அடித்தட்டு மரப்பலகைதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

தோணிக்காரன் புத்தி

என் தகப்பன் வழியில் எல்லோரும் தோணி கட்டுகிறவர்கள். தோணிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு விஷயம் இரத்தத்தில் ஊறியிருக்கும்: அடியில் ஓட்டை கண்டால் உடனே அடை. ஐப்பசி முதல் மழையோடு ஏறாவூர் இஸ்மாயில் காக்கா தன் வாடகைக் காரைக் கொண்டுவந்தார். அவர் பட்டணத்துக்கு வரும் வழியில் ஆறு பெருகித் தெருவுக்கு மேலே ஓடும் பள்ளம் ஒன்று உண்டு. "அதுக்குள்ள இறங்கினா உள்ளுக்குத் தண்ணி வருகுது பாஸ், ஒரு வழி பண்ணுங்க" என்றார். கைத்தொழில் செய்கிறவனை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்பது மரியாதை, முஸ்லிம் பெரியவர்களைக் 'காக்கா' என்பது போல.

காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். நான்கு கதவுகளின் அடி ஓரத்திலும் மும்மூன்று சிறு துளைகள். முன்பக்கத்தில் ஒரு மெல்லிய குழாயும் வாயைத் திறந்தபடி தொங்கியது. இத்தனை ஓட்டைகளை விட்டு அனுப்பிய சீமைத் தச்சனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தோணிக்குச் செய்வது போலவே பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசி, பன்னிரண்டு துளைகளையும் குழாயின் வாயையும் அடைத்தேன். காக்கா ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். முகம் மலர்ந்து சொன்னார்: "இனி இதை ஆத்துல தள்ளினாலும் மிதக்கும் பாஸ்!"

வெளியில் வெயில், உள்ளே வெள்ளம்

மூன்று கிழமை கழித்து, மழை விட்டு வெயிலடித்த ஒரு காலை, காக்கா மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் மலர்ச்சி இல்லை. அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் ஒருவர் காலில் புதுச் சப்பாத்தோடு காரில் ஏறியவர், ஈரச் சப்பாத்தோடு பாதி வழியில் இறங்கி நடந்தே போய்விட்டாராம். நான் கயிற்றுப் பாயைத் தூக்கினேன். அடித்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நனைந்த பாண் ரொட்டியை அழுத்தியது போல உள்ளே போயிற்று.

அதோடு இன்னொரு விஷயமும் வெளிவந்தது. எட்டு நாளில் வாடகைக் கார்களைச் சோதித்து லைசன்ஸ் கொடுக்கும் அதிகாரி வருகிறார். காருக்குள் ஏறி அடித்தட்டைக் காலால் உதைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பலகை உடைந்தால் லைசன்ஸ் இல்லை. காக்கா என்னைக் குறை சொல்லவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கதவைப் பிடித்தபடி நின்று சொன்னார்: "கார் நிண்டா எண்ட வீட்டு அடுப்பும் நிண்டுரும் பாஸ்."

நாக்குச் சோதனை

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? பூசிய குங்கிலியம் போதவில்லை, இன்னும் ஒரு பூச்சுப் பூச வேண்டும்! அடுப்பில் சட்டியையும் வைத்துவிட்டேன். காத்தான்குடி ஆதம்பாவா அப்போது பக்கத்தில் இருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார். என்னிலும் பத்து வயது இளையவர்; அதிகம் பேசமாட்டார். எழுந்து வந்தார், நின்ற தண்ணீரில் சுட்டுவிரலைத் தோய்த்தார், நாக்கில் வைத்தார். நான் முகத்தைச் சுளித்தேன். அவர் துப்பிவிட்டு, கதவடியில் ஊறி நின்ற தண்ணீரையும் அப்படியே ருசி பார்த்தார்.

இரண்டிலும் உப்பில்லை. யோசித்துப் பாருங்கள். தெருவில் பெருகி ஓடுவது ஆற்றுத் தண்ணீர். அது உப்புக் கரிக்கும். கீழிருந்து வந்திருந்தால் காருக்குள் நின்ற தண்ணீரும் கரித்திருக்க வேண்டும். (மாரி முற்றினால் ஆறும் உப்பை இழந்துவிடும், அப்போது இந்தச் சோதனை பலிக்காது. நல்லவேளை, அது மாரியின் தொடக்கம்.) அப்படியானால் இது மழைத் தண்ணீர், மேலேயிருந்து வந்தது. கதவின் கண்ணாடி வழியே வடியும் மழை கதவுக்குள்ளேதான் இறங்கும். அது வெளியே போகத்தான் அந்தத் துளைகள். சீமைத் தச்சன் முட்டாள் அல்ல. முட்டாள் யார் என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆதம்பாவாவுக்கும் தெரிந்தது. ஆனாலும் அடுப்பிலிருந்த சட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு இவ்வளவுதான் சொன்னார்: "வந்த விருந்தாளி போறதுக்கு வாசலத் தேடிக்கிட்டு நிக்கிறாரு அண்ணே, தொறந்து உடுங்க."

போடியாரின் நாற்றுமேடை

குங்கிலியத்தைச் சுரண்டி எடுத்ததும் நான்கு கதவுகளும் குடம் கவிழ்த்தது போல ஊற்றின. இருக்கைகளைக் கழற்றி, பாயை உருவி, காரை நிழலில் நிறுத்தினோம். வெயிலில் வைத்தால் பலகை முறுக்கிக்கொள்ளும். உள்ளே சாக்குகளில் சிரட்டைக்கரி போட்டு வைத்தோம். கரி ஈரத்தையும் நாற்றத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள், பெரிய வயற்காரரான ஒரு போடியார் தம் காரைக் கொண்டுவந்தார். விதைப்புக் காலமாதலால் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, விதைநெல் மூட்டைகளை அதில்தான் ஏற்றிப் போயிருக்கிறார். "உள்ளுக்குள்ள ஒரு பச்ச வாசம் வருகுது, என்னெண்டு பார் மனே" என்றார். பின்பக்கத்துப் பாயைத் தூக்கினேன். சிந்திய நெல்லும் பதரும் தட்டின் மூலைத் துளையில் தக்கையாக இறுகியிருந்தன. தேங்கிய தண்ணீரில் மிச்ச நெல் முளைத்து, நான்கு விரல் உயரத்துக்கு வரிசையாக நின்றது. நான் வெட்கப்பட்டு அதைப் பிடுங்கப் போனேன். போடியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து, ஒரு நாற்றை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். காரைப் பற்றிய கவலையே அவர் முகத்தில் இல்லை. "பொறு மனே, வட்டைக்குள்ள நிண்டதை விட இது திறமா வந்திருக்கு!"

டீச்சரின் கொப்பி

மூன்றாம் நாள் ஒரு புதுக் குழப்பம். இஸ்மாயில் காக்காவின் காரில் துளைகள் எல்லாம் திறந்தாயிற்று. ஆனாலும் அன்று பெய்த மழையில் முன்பக்கத் தட்டு மறுபடி நனைந்துவிட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, பெண்கள் பாடசாலை டீச்சர் ஒருவர் தாமே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவருடையது கூரையைப் பின்னே தள்ளித் திறக்கும் வகைக் கார். அந்தக் கூரையைச் சுற்றி மழைநீர் ஓட ஒரு சிறு பீலி இருக்கும். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் தண்ணீர் கீழே போக நான்கு மெல்லிய ரப்பர் குழாய்கள் தூண்களுக்குள்ளே இறங்கும். டீச்சரின் கழுத்தில் தண்ணீர் கொட்டுகிறதாம்.

"எப்போது கொட்டுகிறது?" என்று கேட்டேன். டீச்சர் குறிப்பு எழுதிய ஒரு கொப்பியை நீட்டினார். நான் வியந்துபோனேன். 'பாலத்தில் ஏறும்போது: இல்லை. இறங்கும்போது: முன்னே. இடப்பக்கம் திரும்பும்போது: வலது தோளில். வலப்பக்கம் திரும்பும்போது: இல்லை.' முத்து முத்தான எழுத்து. இறங்கும்போது தண்ணீர் முன்னே ஓடும்; இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் சாயும். ஆகவே அடைபட்டது வலது முன்குழாய். மற்ற மூன்றையும் நான் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆதம்பாவா இரும்புக் கம்பியைத் தொடவிடாமல் தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்தார். கம்பி ரப்பரைக் கிழிக்கும், ஈர்க்கு வளைந்து போகும். அமிர்தகழிக் கோவில் திருவிழாவில் கார் மரநிழலில் நின்றபோது விழுந்த வேப்பம்பூவும் சருகும் ஒரு திரியாகத் திரண்டு வெளியே வந்தன. கொப்பியை நான் இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு டீச்சர் சொன்னார்: "எண்ட வகுப்பில ஒரு பிள்ளையும் இதை இவ்வளவு கவனமா வாசிச்சதில்ல பாஸ்."

பாதிப் பாதி

டீச்சர் போனதும் நானும் ஒரு காகிதத்தை எடுத்தேன். காக்காவின் கார் மேல் ஒரே நேரத்தில் வாளி வாளியாக ஊற்றாமல், ஓரிடத்தில் ஒரு தகரப் பேணி தண்ணீர் ஊற்றி, பார்த்து, எழுதி, அடுத்த இடத்தில் ஒரு பேணி என்று போனேன். ஏழாவது பேணி, முன்கண்ணாடிக்குக் கீழே காற்று வருவதற்கு வைத்த மூடியின் மேல் விழுந்தது. உள்ளே தட்டு நனைந்தது! அந்த மூடிக்கு அடியில் விழும் மழை வெளியேறத்தான் கீழே அந்தக் குழாய் தொங்கியது. துளைகளைத் திறந்த நான், குழாயின் வாயையும் அடைத்ததை மறந்தேபோனேன். ஆதம்பாவா ஈர்க்கை என் கையில் தந்தார்.

உளுத்த பலகைகளை மாற்ற எங்கள் வீட்டுத் தோணிப் பட்டறையில் நன்றாகக் காய்ந்த பலகை கிடைத்தது. ஏழாம் நாள் காக்கா காரை எடுக்க வந்தார். நான் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. கராஜில் ஒருவரும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்: பழுது காரில் இல்லை, என் கையில். நான் அடைத்ததால்தான் உங்கள் பலகை உளுத்தது. நாளைக்கு லைசன்ஸ் கிடைக்காமற் போனால் அதற்குக் காரணம் நான்தான் என்று. காக்கா புதுப் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னார்: "அடைச்சது நீங்க, அடைச்சதக் கண்டு சிரிச்சது நான்; குத்தம் பாதிப் பாதி பாஸ், நாளைக்கு நீங்களும் எண்ட பக்கத்துல வந்து நில்லுங்க."

ஒழுகும் கார்

சோதனை நாளில் விடியற்காலையிலிருந்தே மழை. வரிசையில் காக்காவின் கார் நான்காவது. நான் பக்கத்தில் குடையோடு நின்றேன். அதிகாரி உயரமானவர், கனமான சப்பாத்து. கார்களைச் சுற்றி வந்தவர் எங்கள் காரின் முன் நின்றுவிட்டார். நான்கு கதவுகளின் அடியிலிருந்தும் நூல் நூலாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முன்னே குழாயிலிருந்தும் ஒரு நூல். மற்றக் கார்களில் ஒன்றும் வடியவில்லை.

"இந்தக் கார் ஒழுகுது. இதுக்கு எப்பிடி லைசன்ஸ் தாறது?" என்று அவர் பென்சிலை எடுத்தார். இஸ்மாயில் காக்கா முன்னே வந்தார். கதவைத் திறந்து, பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வெளியில ஒழுகினா உள்ளுக்குக் காய்ஞ்சிரிக்கும் ஐயா, கைய வெச்சுப் பாருங்க" என்றார். அதிகாரி கையை வைத்தார். பிறகு ஏறி, சப்பாத்துக் குதியால் மூன்று முறை ஓங்கி உதைத்தார். தோணிப் பலகை 'டொக், டொக், டொக்' என்றது. கையைத் துணியால் துடைக்கப் போனவர், துடைக்க ஈரம் இல்லாததைக் கண்டு துணியை மடித்து வைத்தார்.

அடுத்துப் பக்கத்துக் காருக்குப் போய், ஒன்றும் வடியாத அந்தக் காரின் பாயைத் தூக்கச் சொன்னார். 'சளக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி வந்து காக்காவின் தாளில் கையெழுத்துப் போட்டார். காக்கா அதை மழையில் நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதிகாரி போகிற போக்கில் என்னைப் பார்த்தார், அக்கம்பக்கம் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்: "பாஸ், எண்ட காருக்குள்ளயும் ரெண்டு மாசமா ஒரு நாத்தம்; பின்னேரம் கொண்டு வாறன், இதைப்போல நல்லா ஒழுக வைச்சுத் தாரும்."

கூரை வேய்கிறவனும் குடம் வனைகிறவனும் தோணி கட்டுகிறவனும் தங்கள் வேலை ஒழுகினால் திட்டு வாங்குவார்கள். 'நன்றாக ஒழுகுகிறது' என்று பாராட்டு வாங்கும் தொழில் இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் வாய்த்தது.