கூப்பிட்டால் திரும்புவது

பொறாமையை நான் முதலில் ஓர் எண்ணாகத்தான் பார்த்தேன்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு சிறிய இயற்கை மையத்தில் எனக்கு வேலை. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பழனி அடிவாரத்தில் வீட்டோடு இருந்தவளை, ஒயரிங் செய்ய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது கண்காட்சி அறை காலியாக இருந்தது. உலகமெங்கும் மக்கள் இரவில் நடமாடுவதாகச் சொல்லும் விசித்திர மிருகங்களை அங்கே வைக்கலாம் என்று சொன்னது நான்தான். பள்ளி நாட்களிலேயே அவற்றை ஒரு நோட்டில் பட்டியல் போடத் தொடங்கியிருந்தேன். வேலைக்கு வந்தபோது அது கணினியில் அறுபத்து மூன்று வரிசைகளாக வளர்ந்திருந்தது. பெயர், நாடு, உயரம், நிறம், கண், குரல், இரை, எதற்கு அஞ்சும், எந்த உண்மையான விலங்கைப் பார்த்து அந்தக் கதை பிறந்திருக்கலாம் என்று மொத்தம் ஒன்பது கட்டங்கள்.

அதிலிருந்து ஐந்தை எடுத்து ஐந்து மரப் பெட்டிகள் செய்தேன். பொத்தானை அழுத்தினால் கதை கேட்கும். ஜப்பானின் தண்ணீர்க் குள்ளன் கப்பா முதல் பெட்டியில். அவன் தலைக் குழியில் தண்ணீர் இருக்கும். நாம் வணங்கினால் அவனும் குனிந்து வணங்கி, தண்ணீரைக் கொட்டிவிட்டு வலுவிழந்து நிற்பான். அடுத்து, நீண்ட விரலால் யாரைச் சுட்டுகிறதோ அவருக்குச் சாவு என்று மடகாஸ்கரில் அஞ்சப்படும் அய்-அய் என்ற மரவிலங்கு. இங்கிலாந்தின் கறுப்பு நாய். இடுப்போடு பிரிந்து மேல்பாதி மட்டும் பறந்து போகும் பிலிப்பைன்ஸ் பெண். ஐந்தாவதாக ஓநாய் மனிதன். ஐந்துக்கும் குரல் என்னுடையது. ஒவ்வொரு பெட்டியையும் எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்று பார்க்க உள்ளே எண்ணும் கருவி ஒன்றையும் வைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேலாளர் ஐந்தையும் கேட்டுவிட்டு, "ஆறாவது நம்ம மலையோடதா இருக்கணும்ங்க. சீசனுக்குள்ள நீங்களே தேடிப் பிடிச்சுப் பேசிடுங்க" என்றார்.

அந்த ஆறாவது பெட்டி எனக்கு வேண்டியிருந்தது. ஐந்தும் யாரோ சொல்லி, யாரோ எழுதி, நான் படித்தவை. ஆறாவது நான் கண்டுபிடித்ததாக இருக்கும். இதுவரை யாரும் எழுதாத ஒன்று, என் குரலில்.

டிக்கெட் ஜன்னலில் உட்காரும் பெண் என்னைவிட நான்கு வயது இளையவள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து குடியமர்ந்த குடும்பம். அவள் அம்மா சிறுமியாக இருந்தபோது கப்பலேறி வந்தவர். அவளிடம் பட்டியல் எதுவும் கிடையாது. டிக்கெட் கிழித்துக்கொண்டே ஏதோ சொல்வாள், உள்ளே வரவேண்டிய பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். "அப்புறம் என்னாச்சுக்கா?" என்ற குரல்கள் என் அறைவரை கேட்கும். நான் இரண்டு மாதம் சால்டரிங் செய்து உருவாக்கிய பெட்டிகள் அமைதியாக இருக்கும். அந்த நாட்களில் மாலையில் எண்களைப் பார்த்துவிட்டு, மழை, பள்ளித் தேர்வு, சாலை மறியல் என்று காரணங்களை வரிசையாக எழுதி வைப்பேன். உண்மையான காரணத்தை எழுதவில்லை.

ஆறாவதைத் தேடிப் பள்ளங்கிக்கு இரண்டு முறையும், பாச்சலூருக்கு ஒரு முறையும் போனேன். கையில் டேப்லெட், அதில் என் ஒன்பது கட்டங்கள். முதல் கட்டம் பெயர். அதை நிரப்பாமல் அடுத்ததற்குப் போக முடியாதபடி நானே அமைத்திருந்தேன். பெயரில்லாத விவரத்தை எங்கே வைப்பது? போன இடமெல்லாம் டீ கொடுத்தார்கள். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார்கள்.

கூக்காலுக்குப் புறப்பட்ட அன்று டிக்கெட் ஜன்னல் பெண்ணுக்கு விடுமுறை. "நானும் சும்மா வாரேன்க்கா, அந்த ஏரியப் பாத்ததே இல்ல" என்று ஏறிக்கொண்டாள். ஊருக்குள் சாலையோரம் ஒரு பெண் பூண்டைக் குவித்துப் போட்டு, காய்ந்த தண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நான் டேப்லெட்டைத் திறந்தேன்.

"இந்தப் பக்கம் ராத்திரியில நடமாடுதுன்னு ஏதாவது மிருகத்தைச் சொல்வாங்களாங்க? அதோட பேரு என்னங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காட்டுமாடு வரும், பன்னி வரும். வேற ஒண்ணுமில்லீங்க. சோலி கெடக்கு."

இன்னும் நான்கு வீடுகளில் கேட்டேன். அதே பதில். திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் பூண்டுக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து பேட்டரி அளவைச் சரிபார்த்தேன். அவள் அந்தப் பெண்ணுக்கு எதிரே குத்த வைத்து, கேட்காமலேயே ஓர் அரிவாளை எடுத்துத் தாள் அறுக்க ஆரம்பித்தாள். பத்துப் பதினைந்து பூண்டுகள் அறுத்திருப்பாள்.

"எங்கம்மா சிலோன்ல இருந்தப்ப உலமான்னு ஒரு குருவி கத்துமாம்க்கா," என்றாள், பூண்டைப் பார்த்தபடியே. "அது கத்துனா லயத்து வரிசை வீட்டுல ஒருத்தரும் கதவு தொறக்க மாட்டாகளாம். அது குருவியே இல்லையாம். ஒரு பொம்பள. புருசன் சந்தேகப்பட்டுப் பச்சப்புள்ளயக் கொன்னுட்டான். அவ காட்டுக்குள்ள ஓடி, அழுது அழுது குருவியாப் போயிட்டா."

"அட பாவமே. அதப் பேரு சொல்லிக் கூப்பிடலாமா உங்க ஊர்ல?" என்று கேட்டார் அவர்.

"கூப்பிடலாம்க்கா. அதுக்குக் காது கேக்காதாம். அது அழுவுற சத்தமே அதுக்குப் பெருசா இருக்குமாம்."

"அப்பத் தேவல," என்றார் அந்தப் பெண். "இங்க கூப்பிட்டாத் திரும்பிரும்."

அவள் எதுவும் கேட்கவில்லை. நானாக இருந்தால் மூன்று கேள்விகள் கேட்டிருப்பேன். அவள் இன்னொரு பூண்டை எடுத்தாள்.

"பூண்டுக் காட்டுக்குக் காவலுக்குப் போறவுகளுக்குத் தெரியும்," என்று அவரே தொடர்ந்தார். "பனி எறங்குனா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கும். கன்னுக்குட்டி ஒசரம். முதுகு மட்டுந்தான் தெரியும். ஒரு பல்லு பூண்டத் தொடாது. அது பாட்டுக்கு நின்னுட்டு, வெள்ளனே போயிரும். பேரு சொன்னாத்தான் திரும்பும்."

"பேரு தெரியுமாக்கா?"

"தெரியாமயா சொல்லாம இருக்கோம்?"

இருவரும் சிரித்தார்கள். நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ரெக்கார்டர் என் பையில் அணைந்து கிடந்தது. மூன்று கிராமங்களிலும் நான் முதலில் கேட்டது எதையோ, அதைத்தான் அவர்கள் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள் என்பது அப்போது புரிந்தது. அவள் தன்னிடமிருந்த ஒன்றை முதலில் கொடுத்திருந்தாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அறுபத்து மூன்று வைத்திருந்தும் நான் யாருக்கும் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் டேப்லெட்டில் பதியப் பார்த்தேன். பெயரை நிரப்பவும் என்று அது சிவப்பில் சொன்னது. பக்கத்து சீட்டில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் பூண்டு வாசம். அவளை எழுப்பி ஏதாவது கடுமையாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல எதுவும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் கூக்கால் கதையைச் சொன்னபோது வாட்ச்மேன்கூட உள்ளே வந்து நின்றார். மேலாளர் கேட்டு முடித்துவிட்டு, "நீயே பேசிரும்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க பதிஞ்சிருங்க" என்றார். நான் சரிங்க சார் என்றேன். எனக்கு எப்போதும் குரல் மாறுவதில்லை.

ஸ்டோர் ரூமில் கம்பளிகளைத் தொங்கவிட்டு அவளை மைக் முன்னால் உட்கார வைத்தேன். ஹெட்போன் என் காதில். முதல் தடவையே அவள் சொன்னது பிரமாதமாக இருந்தது. 'பேரு சொன்னாத்தான்' என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, 'திரும்பும்' என்றாள். பகல் பதினோரு மணிக்கு என் கையில் மயிர் சிலிர்த்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். "பின்னாடி ஹிஸ் வருது, ஒரு இரைச்சல். இன்னொரு தடவை."

ஹிஸ் எதுவும் வரவில்லை.

இரண்டாவது தடவை, மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் பேசுவதாகச் சொன்னேன். மூன்றாவதில் வேகம். நான்காவதில் மூச்சுச் சத்தம். நான் சொன்ன ஒவ்வொன்றும் ஒலிப்பதிவில் உண்மையாகவே வரக்கூடிய குறைதான். அன்று அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான். ஏழாவது தடவை அவள் பள்ளிக் கட்டுரையை ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள்.

"இது சுத்தமா இருக்கு," என்றேன்.

"மொதத் தடவ சொன்னது நல்லா வந்த மாதிரி இருந்துச்சுக்கா."

"அது சரியா விழல. அழிச்சிட்டேன்."

அழிக்கவில்லை. எதையும் அழிக்கும் பழக்கம் எனக்கில்லை. ஏழையும் எண்ணிட்டு ஒரு ஃபோல்டரில் போட்டு, ஏழாவதைப் பெட்டியில் ஏற்றினேன்.

சீசன் வந்தது. பிள்ளைகள் ஆறாவது பொத்தானை அழுத்தி, பாதி கேட்டு, ஓநாய் மனிதனிடம் ஓடினார்கள். ஆறு பெட்டிகளில் அதன் எண்தான் மிகக் குறைவு. அதை நோட்டில் எழுதிய மாலைகளில் எனக்கு நல்ல பசி எடுத்தது.

ஆனால் டிக்கெட் ஜன்னலில் சத்தம் குறைந்திருந்தது. பணம் வாங்கினாள், கிழித்தாள், கொடுத்தாள். ஒரு நாள் ஒரு பையன் அவளிடமே கதை கேட்டதற்கு, "உள்ள பெட்டி இருக்கு, போய் அழுத்து" என்றாள். ஏன் இப்போதெல்லாம் சொல்வதில்லை என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"பெட்டியில கேட்டேன்க்கா. நானே பாதியில வெளிய வந்துட்டேன். எனக்கு வாயும் ஆகல, மைக்கும் ஆகல. இத்தன நாளா இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன் போல."

நான் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள நினைத்தது ஒரு பெட்டியைத்தான். அவள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருந்தாள்.

சீசன் முடிகிற சமயம், பூண்டு விற்ற கையோடு கூக்கால் பெண் வந்தார். தங்கை மகளும் கூட வந்திருந்தாள். நான்தான் அறைக்கு அழைத்துப்போனேன். ஆறாவதை அழுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாருங்க இது? பேங்குக்குப் போன் போட்டா பேசுமே, அது மாதிரி இருக்கு."

"அன்னைக்கு என்கூட வந்த பொண்ணுதாங்க."

"அவளா?" மறுபடியும் அழுத்தினார். முழுவதும் கேட்டார். "இருக்காதே. அவள யாரு பயமுறுத்துனது?"

ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். போகும்போது ஜன்னலில் நின்று அவளிடமும் சொன்னார். "ஏம்புள்ள, பெட்டிக்குள்ள மட்டும் ஏன் இப்படிச் சீக்கு வந்தவ மாதிரிப் பேசுற?" அவள் சிரித்து, "எனக்கு மைக்கு ஆகலக்கா" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

அன்று மூடியபிறகு ஏழாவதை எடுத்துவிட்டு முதலாவதை ஏற்றினேன்.

அவளிடம் சொல்லத்தான் நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதியும் பார்த்தேன். அதற்குள் மறுநாள் காலை ஒரு பிள்ளை பொத்தானை அழுத்திவிட்டது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பெட்டிமேல் கையை வைத்து, கடைசிவரை கேட்டாள்.

"இது மொதத் தடவ சொன்னது."

"ஆமா."

"அழிச்சிட்டேன்னீங்க."

"அழிக்கல."

"ஹிஸ்ஸு எங்க?"

நீக்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மென்பொருள் இருக்கிறது, அவள் நம்பியிருப்பாள்.

"இருந்ததே இல்ல," என்றேன்.

அவள் விரல்விட்டு ஏதோ எண்ணுவதுபோல் நின்றாள். வெளியே யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். "வாரேங்க" என்று போய்விட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் அவள் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. மேடம் என்றாள். எல்லோர் முன்னாலும், மிகவும் மரியாதையாக.

இப்போது ஜன்னலில் மறுபடி கூட்டம் நிற்கிறது. மாலையில் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறேன்; ஆறாவதன் எண் மற்ற ஐந்தையும் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும் அதை எழுதும்போது உள்ளே எங்கோ சுருக்கென்கிறது. அது போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் அறுபத்து நான்காவது வரிசை இருக்கிறது. பெயர்க் கட்டம் காலி. கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டேன்.

போன வாரம் அவள் முதல் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"தண்ணிக் குள்ளன் நல்ல ஆளுதான். நீங்கதான் அவன வெரசாச் சொல்லி முடிச்சிர்றீங்க. தண்ணி கொட்டுற எடத்துல நிறுத்தவே இல்ல. மறுபடி பதிங்க."

"எத்தனை தடவை?"

"ஏழு," என்றாள். சிரிக்கவில்லை.

ஸ்டோர் ரூமில் கம்பளிகளைத் தொங்கவிட்டோம். மைக் முன்னால் நான் உட்கார்ந்தேன். ஹெட்போனை அவள் மாட்டிக்கொண்டாள். குள்ளன் குனிகிற இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, பொறுமையாகச் சொல்லி முடித்தேன். நன்றாக வந்ததென்று எனக்கே தெரிந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஹிஸ் வருது மேடம். இன்னொரு தடவ."