மார்லிஸ் கணினியைப் போட்டதும்

மார்லிஸ் ஹாகனின் வாயில் விழாதவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் எங்கள் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் முப்பது வருஷமாக எடை போட்டவள் அவள். லாரி எடை மேடையில் ஏறி நின்றதும் எடையைக் குறிப்பாள், ஒரு பிடி தானியம் எடுத்து ஈரப்பதம் பார்ப்பாள், பார்த்ததை மைக்கில் சொல்வாள். அந்த மைக் லாரிக்காரனுக்கு மட்டும் கேட்பதில்லை. கிடங்கு முற்றம் முழுக்கக் கேட்கும்.

"ஆர்லன், ஈரம் இருபத்திமூணு பர்சன்ட். சோளம் கொண்டாந்திருக்கியா, சூப்பு கொண்டாந்திருக்கியா?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆர்லனும் சிரிப்பான். சிரிக்காமல் இருந்தால் மனசில் வைத்துக்கொண்டான் என்று ஆகிவிடும், எங்கள் ஊரில் அது கேலிப்படுவதைவிடக் கேவலம். அவன் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போன வாரம் அவன் சோயா கொண்டுவந்தபோது, "என்னடா லோடு குறையுது? அவ பாதியை எடுத்துட்டுப் போயிட்டாளா?" என்று மைக்கில் கேட்டாள். அன்றைக்கும் ஆர்லன் சிரித்தான். நானும் அந்த வரிசையில் நின்று சிரித்தவன்தான்.

பெற்ற தாயையே விட்டுவைக்காதவள் அவள். அவள் அம்மா வெர்னாவுக்கு அறுபது தாண்டியதும் நினைவு தப்ப ஆரம்பித்தது. கார் சாவியை ஃப்ரீஸரில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புதன்கிழமை போய்க் கதவைத் தட்டுவாள். முதியோர் இல்லத்தில் சேர்த்த பிறகு, பார்க்கப் போகும் மார்லிஸைப் பார்த்து, "என் கைப்பையைத் திருடின பொண்ணு வந்துட்டா" என்று அலறுவாள். மறுநாள் காலையில் கவுன்ட்டரில் காப்பிக் கோப்பையோடு நிற்கும் விவசாயிகளுக்கு மார்லிஸ் இதை அம்மாவின் குரலிலேயே நடித்துக் காட்டுவாள். நடித்து முடித்து, அவளே முதலில் சிரிப்பாள்.

சிரித்தவளுக்கு உள்ளுக்குள் என்ன பயம் என்று யாருக்குத் தெரியும்? ஐம்பத்தொன்பது வயதானபோது, ஒரு ஆகஸ்ட் காலையில், கடைத்தெருவில் எதிரே வந்த பாதிரியாரின் மனைவி பெயர் அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று சமாளித்து அனுப்பினாள். அன்று மதியம் அலுவலகத்தில் யாரும் இல்லை. எதிர் மேஜைக்காரி டார்லா அந்த வாரம் லீவு போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு மீன்பிடிக்கப் போயிருந்தாள். மேனேஜர் கர்ட் சாப்பிடப் போயிருந்தான். மார்லிஸ் கணினியில் தேடி, ஏதோ ஒரு மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்து, மறதிக்கு என்னென்ன அறிகுறி என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தாள். லாரி ஹார்ன் கேட்டது. மூடிவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை கணினியைப் போட்டதும், யாரும் கேட்காமல், அந்தப் பக்கம் தானாகத் திறந்து திரை முழுக்க வந்து நின்றது. 'பெயர்கள் மறந்துபோகின்றனவா? தெரிந்த முகங்கள் குழம்புகின்றனவா? இன்றைய பயிற்சியைத் தொடங்கலாம்.' கீழே நரைத்த தலையோடு ஒரு கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூடினாள். அடுத்த நாளும் வந்தது. பார்த்த பக்கங்களின் பட்டியலை அழித்துப் பார்த்தாள், அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லியும் பார்த்தாள். கணினியைப் போட்டால் கிழவி வந்துவிடுவாள்.

இதில் அவளுக்கு இன்னொரு வினை இருந்தது. கவுன்ட்டரில் அவள் திரையோடு சேர்த்து இன்னொரு திரை விவசாயிகள் பக்கம் பார்த்து நிற்கும். எடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. இவள் திரையில் வருவதெல்லாம் அதிலும் வரும். அதனால் மார்லிஸ் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, கணினியைப் போட்டு, கிழவியை மூடிவிட்டுக் காப்பி போடப் போவாள். சாயங்காலம் அணைக்காமல் விட்டுப் பார்த்தாள். கணினி ராத்திரியில் ஏதோ புதுப்பித்துக்கொள்கிறேன் என்று தானாக அணைந்து தானாக எழுந்து, காலையில் கிழவியோடு காத்திருந்தது.

யாரிடமாவது சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வாள்? புதுவருஷத்திலிருந்து எங்கள் கிடங்கைப் பக்கத்து ஊர்ப் பெரிய கூட்டுறவோடு சேர்க்கப்போகிறார்கள். அலுவலகத்தில் இருக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திதான் மிஞ்சுவாள். வேலை போனால் மருத்துவக் காப்பீடும் போகும். அந்த வயதில், அந்தப் பயத்தோடு, காப்பீடு இல்லாமல் நிற்பதா? எடை போடும் வேலையில் மார்லிஸை டார்லா நெருங்கவே முடியாது, அது கர்ட்டுக்குத் தெரியும். ஆனால் மூளை குழம்பியவளிடம் யாராவது தராசைக் கொடுப்பார்களா?

வாரத்துக்கு ஒருமுறை கணினிகளைப் பார்த்துப்போக ரூபன் ஆர்டீஸ் என்று ஒருவன் வருவான். டெக்சாஸின் தென்கோடிக்காரன், இங்கே வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. தங்கமான பிள்ளை. மார்லிஸ் திரையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவனாகவே கேட்டான்.

"உங்க மிஷின்ல ஏதாவது பிரச்சனையா மேடம்? பாக்கட்டுமா?"

"சேச்சே, ஒண்ணுமில்லப்பா. உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

"சரிங்க மேடம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மார்லிஸ் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு அவள் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது புரியும். இங்கே ஒருவர் கேக்குத் தட்டை நீட்டினால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவை நீட்டினால், ஐயோ எதற்கு உங்களுக்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவைதான், சரி இவ்வளவு சொல்கிறீர்களே என்று ஒரு சின்னத் துண்டை எடுப்போம். முதல் தடவையே எடுப்பவன் பட்டினி கிடந்தவன். மூன்று தடவை கேட்காதவன் கஞ்சன். மூன்று தடவை கேட்டபிறகும் வேண்டாம் என்பவன் திமிர் பிடித்தவன். தாய்ப்பாலோடு வந்த பழக்கம் இது, யோசித்துச் செய்வதில்லை.

டார்லா எதிர் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் மார்லிஸிடம் 'குண்டு டார்லா' என்று மைக்கில் பேர் வாங்கியவள்.

"அவனுக்கு இன்னும் நம்ம ஊர் சுபாவம் பிடிபடல" என்றாள். "நான் வேணா பாக்கட்டுமாடி?"

"வேண்டாம், வேண்டாம். நீ உன் வேலையப் பாரு."

"சரி" என்று டார்லா தன் வேலையைப் பார்த்தாள். அவள் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

அக்டோபர் கடைசியில் அறுவடை உச்சத்துக்கு வந்தது. லாரிகள் நெடுஞ்சாலை வரைக்கும் நின்றன. பெரிய கூட்டுறவிலிருந்து ப்ரெக்கே என்ற அதிகாரி அன்றைக்குப் பார்த்துத்தான் வந்து, கர்ட்டோடு நின்று அலுவலகத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் ஏழெட்டு விவசாயிகள். மார்லிஸ் மைக்கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். ப்ரெக்கேயே இரண்டு தடவை சிரித்துவிட்டார்.

பின்பக்கம் பெரிய உலர்த்தும் இயந்திரத்தைப் போட்டார்கள். பட்டென்று மின்சாரம் போய், வந்தது. கணினிகள் எல்லாம் அணைந்து எழுந்தன. டார்லாவின் திரையில் வழக்கமான கோதுமை வயல் படம். மார்லிஸின் திரையில் கிழவி.

விவசாயிகள் பக்கத் திரையிலும் கிழவிதான். 'பெயர்கள் மறந்துபோகின்றனவா?'

மார்லிஸ் அதை மூடப் பார்த்தாள். விழித்து முடிக்காத கணினி அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. முப்பது வருஷமாகச் சிரித்த கூட்டம் அது. ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அவர்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றி மாட்டினார்கள்.

"நல்ல பக்கமாத்தான் இருக்கு" என்றான் ஆர்லன், மெதுவாக.

அதில்தான் மார்லிஸுக்குத் தாங்கவில்லை. டார்லாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இவ! இவ பண்ணின வேல இது! என் நாற்காலிக்காக இதை உள்ள வச்சிருக்கா. வாரக்கணக்கா தெனம் வருது. நான் வாயத் தொறக்காம இருந்தேன்."

"வாரக்கணக்கா வருதா?" என்றான் கர்ட்.

சொல்லக் கூடாததைத் தானே சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ரூபன் அன்றைக்குப் பின்னறையில்தான் இருந்தான். கூப்பிட்டார்கள். வந்து உட்கார்ந்து, கணினி எழும்போது கூடவே எழுகிறவற்றின் பட்டியலைத் திறந்தான். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

"இதோ. அந்த ஆஸ்பத்திரியோட நினைவூட்டல். ஆகஸ்ட்ல ஏறியிருக்கு. உங்க கணக்குல உள்ள வந்துதான் ஏத்தியிருக்காங்க மேடம்."

"ஆகஸ்ட்லயா?" என்றாள் டார்லா. "எந்த வாரம்?"

ரூபன் தேதியைச் சொன்னான்.

"நான் ஏரில இருந்தேனே கர்ட். உனக்கு மீன் கூட கொண்டாந்தேனே."

"நான் வைக்கல" என்றாள் மார்லிஸ். "நான் எதையும் ஏத்தல. படிச்சேன், மூடினேன். அவ்வளவுதான்."

ரூபன் அவளுக்கு உதவத்தான் நினைத்தான். தன் மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி திருப்பினான். மூடப்போனதும் ஒரு பெட்டி வந்தது: தினமும் நாங்கள் நினைவூட்டட்டுமா?

"வேண்டாம்னு அழுத்தறேன், பாருங்க. மறுபடி கேக்குது, நிச்சயமாவான்னு. மறுபடியும் வேண்டாம். இப்ப மூணாவது தடவ கேக்குது. இதுக்கும் வேண்டாம்னா விட்டுடும்." அழுத்தினான். பக்கம் மூடிக்கொண்டது. "நீங்க மூணாவதுல சரின்னு அழுத்தியிருக்கீங்க மேடம், உங்க மிஷின்ல பதிவாயிருக்கு. எனக்கு ஒண்ணுதான் புரியல. ரெண்டு தடவ வேண்டாம்னு சொன்னவங்க, மூணாவது தடவ எதுக்கு சரின்னு சொல்லணும்?"

அந்த அறையில் ரூபனையும், வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்த ப்ரெக்கேயையும் தவிர அத்தனை பேருக்கும் பதில் தெரியும். அவர்களில் யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் விரலும் அதைத்தான் செய்திருக்கும். மூளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருத்தர் வாயைத் திறந்து, அட, நாமெல்லாம் அப்படித்தானே என்று சொல்லியிருந்தால் அந்த அறையே சிரித்திருக்கும். வேலையும் அவளுக்கே மிஞ்சியிருக்கும்.

கர்ட் ஆர்லனைப் பார்த்தான். ஆர்லன் தரையைப் பார்த்தான். டார்லா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பாவம். அவங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றாள், ப்ரெக்கே பக்கம் திரும்பி. நானும் அங்கே கோப்பையோடு நின்றேன். நானும் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று என்னைக் கேட்டால், முப்பது வருஷ மைக் என்று சொல்வேன்.

மார்லிஸுக்கு அந்தப் பழக்கம் அப்போது நினைவுக்கு வரவில்லை. மீனுக்குத் தண்ணீர் எங்கே தெரிகிறது? மூன்றாவது தடவை அழுத்தியது அவளுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அதுதான் அவள் முகத்தை வெளுக்க வைத்தது.

"பரவால்ல மார்லிஸ்" என்றான் ஆர்லன். "ஞாபகம் வரலன்னா விட்டுடு. யாருக்குத்தான் மறக்கல."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

"எனக்கா ஞாபகம் இல்ல? நீ ஆர்லன் ஸ்குயே. உங்கப்பன் பேரு மில்ஃபோர்ட். போன செவ்வாக்கிழமை மூணு லோடு கொண்டாந்த, மூணும் ஈரம். நீ டுவெய்ன், தராசுல ஏறும்போது நாயையும் சேத்து எடை போடப் பாத்தவன். நீ ஆல்வின், உன் சோயால பாதி கல்லு. நீ..."

ஒருவர் விடாமல் சொன்னாள். பெயர், தகப்பன் பெயர், எடை, ஈரம், அவரவர் சில்லறைத் திருட்டு, எல்லாம். ஒன்றுகூடத் தப்பில்லை. முன்பானால் ஒவ்வொன்றுக்கும் கூரை அதிரச் சிரித்திருப்போம்.

"ஆமா மார்லிஸ். சரியாச் சொல்லிட்ட" என்றான் டுவெய்ன், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"எவ்வளவு ஞாபகம் உனக்கு" என்றான் ஆல்வின்.

எல்லோரும் தலையாட்டினோம். முதியோர் இல்லத்தில் ஆட்டுவோமே, அப்படி. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்திவிட்டாள். ப்ரெக்கே கர்ட்டின் காதில் ஏதோ சொன்னார். ரூபன் பட்டியலில் ஒரு வரியைத் தட்டி நினைவூட்டலை நீக்கிவிட்டு, "இனிமே வராது மேடம்" என்றான். வெளியே முதல் லாரி ஹார்ன் அடித்தது. டார்லா எட்டி மைக்கை இழுத்துக்கொண்டாள்.

கர்ட் கொக்கியிலிருந்து மார்லிஸின் மேல்கோட்டை எடுத்துவந்தான். அவள் கையை எடுத்து உள்ளே விட்டான், அப்புறம் அடுத்த கையை. ஜிப்பையும் கழுத்து வரைக்கும் அவனே போட்டுவிட்டான்.