இஸ்திரியம்மாவின் இரண்டாவது ஃபிலிம் ரோல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியவளை எல்லோரும் இஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை செய்தவர்கள் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்த்து ஓடியதெல்லாம் போதும் என்று அதைப் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு, தன்னைவிட வயதில் மூத்த ஒரு ஃபிலிம் காமிராவோடு வீட்டுக்கு வந்தாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் குளிர்காலத்தில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மகளுக்கு அது போதாதா?

"கையே நிக்கல. படம் எப்படி நிக்கும்? இந்த ஒரு ரோல் எடும்மா. படம் ஆடியிருந்தா காமிராவ, பழைய காமிரா சேக்கற எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர்கிட்ட குடுத்துடணும். கண்ணாடி அலமாரியில பத்திரமா வெச்சுக்குவார்."

"சரிடி" என்றாள் இஸ்திரியம்மா. வீம்புக்குச் சொன்ன சரி அது.

மறுநாள் காலை மகள் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபிலிமை மாட்டினாள். மாட்டிவிட்டு, கோட்டுப் பைக்குள் இன்னொரு ரோலையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஓட்டி ஓய்ந்த கணவர் கூடவே வந்தார். நடக்கும்போதும் பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிற மனுஷர்.

மரங்களெல்லாம் மொட்டையாக நின்றன. இலை இல்லாத மரம்தான் உள்ளதை உள்ளபடி காட்டும் என்பது அவள் கட்சி. விளக்குக் கம்பத்தில் தோளைச் சாய்த்து, கழுத்து வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி எடுத்தாள். ஓரம் உறைந்த குளம், பூட்டிய கடை, உறைபனி பூத்த சைக்கிள் சீட்டு, எதையும் விடவில்லை. காமிராவின் இரும்பு விரலைக் கடித்தது. அவளுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

ரோல் தீர வேண்டிய இடத்தைத் தாண்டியும், ஃபிலிமை நகர்த்தும் லீவர் வழுக்கிக்கொண்டு ஓடியது. காமிராவின் பின் மூடியைத் திறந்தாள். ஃபிலிமின் நுனி, அதைச் சுற்றும் சக்கரத்தில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து ஒரு படம்கூடப் பதியவில்லை.

"நான் மாட்டித் தரட்டுமா?" என்றார் கணவர், மெதுவாக.

"தொட்டீங்கன்னா தெரியும் சேதி!"

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றி, கோட்டுப் பையிலிருந்த இரண்டாவது ரோலை எடுத்தாள். நுனி நழுவியது, மறுபடி நழுவியது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. கடைசியில் நுனி பிடித்துக்கொண்டது. லீவரை இழுத்து, சக்கரம் ஃபிலிமைச் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடினாள்.

நேரமாகிறதே என்று தேடி வந்த மகள் பெஞ்சருகே வந்து நின்றாள். அப்பா முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"ரோல் வீணாயிடுச்சா? அப்ப பேசினபடி குடுத்துடும்மா."

"ஏன் வீணாச்சு தெரியுமா? நீ உத்துப் பார்த்துக்கிட்டு நின்னே. விரல் நடுங்கறது உனக்குத் தெரியக்கூடாதுன்னு அவசரமா மூடித் தொலைச்சேன். வெக்கப்பட்டேன்டி, உன்கிட்ட! இனிமே பட மாட்டேன்."

"அதுக்கில்லம்மா, சரின்னு சொன்னியே..."

"சொன்னேன். இப்ப இல்லேங்கறேன். படம் ஆடினா ஆடட்டும். ஆடின படத்தையும் சட்டம் போட்டு நடுக்கூடத்துல மாட்டுவேன். வர்றவங்க கேட்டா, எங்கம்மா எடுத்ததுன்னு சொல்லு."

மகளின் கண் கலங்கியது. எதையோ சொல்ல வாயெடுத்துக் கைகளை விரித்தாள்.

இஸ்திரியம்மா காமிராவைக் கண்ணுக்குத் தூக்கினாள். அது நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.

"கை ஆடறது எனக்கு. நீ ஏன்டி ஆடறே? நேரா நில்லு!"

மகள் நின்றாள்.