கோரைக்குள் கேட்ட என் பெயர்

என் கிறுக்கல் எழுத்தையும் பிழைகளையும் மன்னிக்கவும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

கல்லணை பார்த்த கையோடு, மனைவியைக் கரையில் நிறுத்திவிட்டு, நாரைகளைக் கிட்டத்தில் பார்க்கக் கொள்ளிடத்துச் சதுப்பில் இறங்கினேன். இடுப்பளவு சேற்றில் புதைந்துவிட்டேன். கத்தக் கூச்சமாக இருந்தது.

ஆளுயரக் கோரையில் என்னைக் காணாமல் அவள், "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டாள்.

"எங்களையாம்மா கூப்பிடுறீங்க?" என்று கோரை அறுப்பவர்கள் சிரிப்பது கேட்டது.

சேறு நெஞ்சுக்கு ஏறியது. அப்போதுதான், கல்யாணமாகி முதல்முறையாக, என் பெயரைச் சொல்லி அலறினாள். எனக்கும் குரல் வந்தது: "இங்க இருக்கேன்!" அவர்கள் கோரைக்கட்டுகளைப் பரப்பி என்னை இழுத்தெடுத்தார்கள்.

சத்திரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் அழுதாள். "புருஷன் பேரைச் சொல்லிட்டேனே, உங்க ஆயுசு குறையுமே!"

"சொன்னதாலதான் இருக்கேன்" என்றேன்.

மறுபடி அவள் சொன்னதில்லை. வேறு யார் கூப்பிட்டாலும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

1962, தை 5.