பலேர்மோவுக்கு எத்தனை மணித்தியாலம்

ஓல்டன் ரயில் நிலையத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. சுவிஸ் ரயில் பாதைகளின் தூரத்தை அந்தக் காலத்தில் அங்கிருந்துதான் அளந்தார்களாம். அந்தக் கல்லைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிற உருத்திரமூர்த்தி தூரத்தை அளந்ததில் பிழை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் விட்டார். அதுவும் லேசுப்பட்ட பிழை இல்லை.

மனிதர் 1991இல் இலங்கையிலிருந்து வந்தவர். முதலில் சோலோதுர்னில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஓல்டனுக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்தது. காலை ஐந்துக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். வருடக்கணக்காக நாலு மணிக்கு எழும்புகிற உடம்பு அது. ஞாயிற்றுக்கிழமையிலும் நாலு மணிக்குக் கண் முழித்துவிடும், முழித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கும்.

அப்படிக் கிடந்த நேரங்களில்தான் அவர் ரயில் அட்டவணை படிக்கத் தொடங்கினார். ஆராவிலும் சோலோதுர்னிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அவர் "ரயில் உருத்திரம்". கோடை விடுமுறை வந்தால் தொலைபேசி ஓயாது.

"உருத்திரண்ணை, வெனிஸுக்குப் பிள்ளையளோட போறம். எங்க இறங்கிறது?"

"மெஸ்த்ரேயில இறங்கிப் போடாதையுங்கோ. அது கரையில இருக்கிற ஊர். அடுத்த தரிப்பு, சாந்த லூச்சியா. இறங்கினா முன்னால தண்ணிதான். டிக்கெட்டை மஞ்சள் பெட்டிக்குள்ள குத்திப்போட்டு ஏறுங்கோ, இல்லாட்டித் தண்டம் அடிப்பான். மத்தியானம் ஒண்டுக்குக் கடை பூட்டிப்போடுவாங்கள், பிள்ளையளுக்குச் சாப்பாடு முதலே வாங்கி வையுங்கோ."

இத்தாலியில் இருபது மாகாணம், நீளமான ஆறு போ, பெரிய தீவு சிசிலி, அதில் புகைகிற மலை எட்னா. எல்லாம் நுனிநாக்கில். வேடிக்கை என்னவென்றால், மனிதர் ஒரு நாளும் இத்தாலிக்குள் போகிற கியாசோ எல்லையைத் தாண்டியதில்லை. வந்த நாள்முதல் 2005 வரை அவருக்குத் தற்காலிகமாக இருக்க விடுகிற எவ் விசா. எவ் விசாக்காரன் நாட்டை விட்டு வெளியே காலெடுத்து வைக்கக்கூடாது. போக முடியாத நாட்டைப் பற்றிப் படிக்கத்தானே முடியும்? அதைத்தான் செய்தார்.

படித்ததற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒரே தங்கச்சி கஜலக்சுமி சிசிலியில், பலேர்மோவில் இருந்தாள். அங்கே வீடுகளில் துப்புரவு வேலை. அவளுடைய கலியாணமும் அங்கேதான் நடந்தது. தோழனாக நின்று மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டிய அண்ணன், ஓல்டனில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மேளச் சத்தம் கேட்டார்.

2009இல் கதவு திறந்தது. சுவிஸ் ஷெங்கன் நாடுகளின் கூட்டுக்குள் போய்விட்டது, 2005இல் கிடைத்த பி விசாவும் கடவுச்சீட்டும் இருந்தால் இத்தாலிக்குத் தனி விசா வேண்டாம். "இந்தக் கோடைக்கு வாறன்" என்றார். தங்கச்சி மீனும் நண்டும் வாங்கி வைத்தாள். இவருக்கு முதுகு பிடித்து, ஒன்றரை மாதம் படுக்கை. அடுத்த வருடம் வெளிக்கிடுகிற நேரம் பார்த்தால் கடவுச்சீட்டு காலாவதி. அந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறைக்கு, வருகிறேன் என்றார். நத்தாருக்குக் களஞ்சியத்தில் மூச்சு விட நேரமில்லை, பொறுப்பாளரான செவ் லீவு தரமாட்டேன் என்றுவிட்டார். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். மூன்று தரமும் கஜலக்சுமி "பரவாயில்லை அண்ணை" என்றாள்.

2011 சித்திரையில் அவளுடைய மகள் மிதுஷா பெரியபிள்ளை ஆனாள். சாமத்தியச் சடங்கை ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில் வைத்தார்கள். நல்ல நேரம் காலை பத்து இருபதிலிருந்து பதினொன்று நாற்பது. எங்கள் வழக்கத்தில் அன்றைக்கு முன்னால் நிற்க வேண்டியவன் தாய்மாமன். அவன் தேங்காய் உடைத்து, அவன் முதல் தண்ணீர் வார்த்த பிறகுதான் பிள்ளைக்கு மற்றதெல்லாம். அந்தப் பிள்ளைக்கு இருப்பது இந்த ஒரு மாமன்.

"தலை போனாலும் வருவன்," என்றார் உருத்திரமூர்த்தி. "வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்ச கையோட ஏறினா, இரவு பன்னிரண்டுக்கு முதல் அங்க நிப்பன்."

"சரி அண்ணை, வாங்கோ," என்றாள் கஜலக்சுமி.

விமானத்தில் போகலாமே என்று அவருடைய மனைவி சிவமலர் கேட்கத்தான் செய்தாள். பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவள், அந்தச் சனி ஞாயிறு அவளுக்கு வேலை முறை, கூட வர வழியில்லை. ஆனால் இவருக்கு விமான நிலையம் என்றாலே ஆகாது. ஆரோ ஒருத்தனுடைய கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவர். கடவுச்சீட்டுப் பார்க்கிற அந்தக் கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்றதை இன்னும் மறக்கவில்லை. ரயில் என்றால் அவருடைய சொந்த வீடு மாதிரி.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். மிலானுக்கு, வெனிஸுக்கு, ரோமுக்கு எல்லாம் நேரம் அவருக்குப் பாடம். பலேர்மோவுக்கு ரயிலில் போகிறேன் என்று அவரிடம் எவரும் கேட்டதில்லை, எல்லாரும் பறந்துதான் போனார்கள். அவர் கையில் இருந்த அட்டவணையும் ரோமோடு நின்றது. ஆகவே அவர் மகள் கோபிஷாவின் பள்ளி வரைபடப் புத்தகத்தை எடுத்தார். ஒரு பக்கம் முழுக்கச் சுவிஸ். அடுத்த பக்கம் முழுக்க இத்தாலி. ஜெனீவாவிலிருந்து சென்ட் காலன் வரை சாண் வைத்து அளந்தார்: அது ரயிலில் நாலு மணித்தியாலம். மிலானிலிருந்து பலேர்மோ வரை சாண் வைத்தார்: அதைவிடக் கொஞ்சம் கூடுதல். இத்தாலிக்காரன் பிந்தி ஓடுவான் என்று ஒரு மணித்தியாலம் சேர்த்தார். ஐந்தரை. ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிற நாட்டில் இருபது வருடம் இருந்தால் மனிதனுக்கு இப்படித்தான் புத்தி போகும். மிலானுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார், மிச்சத்தை அங்கே எடுக்கலாம், மலிவு.

வெள்ளிக்கிழமை களஞ்சியத்திலிருந்து நேரே ஸ்டேசனுக்கு வந்தார். இரண்டு பெட்டி. அரியதரம், பயத்தம் பணியாரம், முறுக்கு, மருமகளுக்குச் சேலை, சங்கிலி, தேங்காய் ஐந்து. பலேர்மோவில் தேங்காய் இல்லையா என்று கேட்காதீர்கள், மாமன் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். லுசேர்னில் பெட்டிகளை இழுத்து மாறும்போதே முதுகு முறைப்பாடு சொல்லத் தொடங்கிவிட்டது. கொத்தார்ட் மலைக்குள் ரயில் ஏறி இறங்கிச் சுற்றியதை அவர் பார்க்கவில்லை, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கியாசோவில் எல்லைக்காவலன் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இருபது வருடம் பயந்த இடம், இருபது செக்கனில் முடிந்தது.

மிலானில் ஆறரை. டிக்கெட் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தாளில் எழுதிக் காட்டினாள். இரவு எட்டுக்குப் புறப்படும். சேர்வது 15.45.

"இண்டைக்கோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார்.

அவள் "தோமானி" என்றாள். நாளை. அந்தச் சொல் அவருக்குத் தெரியும், எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். விமானத்துக்கு ஓடலாமா என்று விசாரித்தார். கடைசி விமானத்தில் இடமில்லை, காலையில் போகிறதிலும் இல்லை. பெட்டிக்கு மேல் உட்கார்ந்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கோபிஷா புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பா, கீழ சின்னதா இலக்கம் போட்டிருக்கு பாக்கேல்லையோ? ரெண்டு பக்கத்துக்கும் அளவு வேற வேற. மிலானில இருந்து பலேர்மோ ஆயிரத்தைஞ்ஞூறு கிலோமீட்டர் வரும் அப்பா."

ஐயோ, ஐயோ! ஊருக்கெல்லாம் வழி சொன்ன வாய்! தன் கன்னத்தில் தானே ஒன்று போட வேண்டும் போல் இருந்தது அவருக்கு. பிறகு தங்கச்சிக்கு எடுத்தார்.

"லச்சுமி, நான் மிலானில நிக்கிறன். நாளைக்குப் பின்னேரம்தான் வந்து சேருவன் போல கிடக்கு."



"மிலானிலயோ? உண்மையாவோ அண்ணை?"

"ஓம். நேரத்துக்கு வர ஏலாது."

"பரவாயில்லை அண்ணை. ஆறுதலா வாங்கோ."

அவளுடைய கோபத்தை அவருக்குத் தெரியும், கோபம் வந்தால் இப்படித்தான் மெதுவாகக் கதைப்பாள். அந்த மெதுவைச் சுமந்துகொண்டு ரயிலில் ஏறினார். படுக்கை கிடைக்கவில்லை, இருக்கைதான். பொலோக்னா போனது, பிளோரன்ஸ் போனது, விடியும்போது நாப்போலி போனது. பெயர்கள் எல்லாம் தெரிந்தவை, ஒன்றுகூட முடிகிற மாதிரி இல்லை. இத்தாலி நீண்டுகொண்டே போனது. வலப்பக்கத்தில் கடல் வந்தது, நல்ல நீலம், அவருக்கு அதைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது.

வில்லா சான் ஜொவானியில் நிலம் முடிந்தது. அங்கே ரயிலையே துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுவார்கள், கப்பல் நீரிணையைக் கடந்து மெஸ்ஸீனாவில் திரும்பக் கோக்கும். இந்தத் தகவலை அவர் எத்தனை பேருக்கு அதிசயமாகச் சொல்லியிருக்கிறார்! இப்போது தளத்தில் ஏறி நின்றபோது கைக்கடிகாரத்தில் பத்து இருபது. மூன்று கிலோமீட்டர் அகலத் தண்ணீருக்கு அப்பால் சிசிலி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார், அவள் எடுக்கவில்லை. மருமகள் குளிக்காமல் மணையில் இருக்கிறாள், ஐயர் நேரத்தைப் பார்க்கிறார், சனம் முணுமுணுக்கிறது, லச்சுமி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று மனதில் படம் ஓடியது. பதினொன்று நாற்பதுக்கு ரயில் இன்னும் மெஸ்ஸீனாவில் முக்கிக்கொண்டு நின்றது. தன்னைப் போல ஒரு மனிதன் ஏன் பிறக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். வாய்விட்டும் சொன்னார், பக்கத்தில் இருந்த கிழவர் என்னவென்று கேட்டார்.

பலேர்மோ ஸ்டேசனில் தங்கச்சியின் புருசன் ராசா நின்றான். பெட்டிகளைத் தூக்கித் தன் வான் வண்டியில் ஏற்றினான். வழியில் சந்தை, மலை, தேவாலயம் எல்லாம் காட்டினான். உருத்திரமூர்த்தி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மிச்சம். மிதுஷா நகை கழற்றாமல் ஒரு மூலையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கஜலக்சுமி ஓடிவந்து கையைப் பிடித்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் இரட்டைப் பின்னல் போட்டிருந்தவளுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அவரைக் கதிரையில் இருத்தி, சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தாள்.

"உங்களை எல்லாம் காக்க வைச்சிட்டன் லச்சுமி. நல்ல நேரம் தப்பிப்போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்."

அவள் விளங்காமல் பார்த்தாள். "நேரம் தப்பேல்லை அண்ணை. பத்தரைக்கே தண்ணி வாத்தாச்சு. மகேந்திரண்ணைதான் தேங்காய் உடைச்சுத் தண்ணி வாத்தவர். இவரோட வேலை செய்யிறவர்."

கதிரை அடுக்கிய ஒருவர் அங்கிருந்து தலையாட்டினார். பட்டு வேட்டி, தோளில் சால்வை.

"நான் மிலானில நிக்கிறன் எண்டு சொன்ன பிறகு ஆளைப் பிடிச்சனியே?"

"இல்லை அண்ணை." அவள் நிலத்தைப் பார்த்தாள். "போன மாசமே சொல்லி வைச்சனாங்கள்."

உருத்திரமூர்த்தி சோற்றைப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வழி முழுக்க அவர் கண்ட படத்தில் எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். உண்மையில் ஒருவரும் காத்திருக்கவில்லை. இந்த நினைப்பு மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது.

"உனக்கு இந்த ரயில் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க ஓடுமெண்டு தெரியும்தானே? வெள்ளி இரவு பன்னிரண்டுக்கு முதல் வந்திடுவன் எண்டு நான் சொல்லேக்க, ஏன் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை?"

கஜலக்சுமி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள். அவளுக்கும் விடிய நாலு மணியிலிருந்து நின்ற களைப்பு.

"நீங்கள் வெளிக்கிடுவியள் எண்டு நினைச்சிருந்தால் சொல்லியிருப்பன், அண்ணை."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதிரை அடுக்குகிறவர்கள் பார்க்கப் பார்க்க, அவர் விம்மி விம்மி அழுதார். கஜலக்சுமி தேற்றவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, தானும் அழுதாள்.